'மின்ட் மார்க்' – கம்பட்டக் குறி சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கடலூர்ப் பள்ளியில் வைக்கப்போகும் நாணயக் கண்காட்சிக்கு விளக்க அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். அணா, காலணா, நயா பைசா எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. காசை எங்கே அடித்தார்கள் என்று காட்டும் பொடிக் குறியான 'மின்ட் மார்க்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

> சாலைக்குறி. தங்கசாலை, நாணயச்சாலை இரண்டுக்கும் பொருந்தும்.

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் தினம் போய்வருகிறவர்களுக்கு இது வேகத்தடை அறிவிப்புப் பலகையாகத்தான் தெரியும். வேண்டாம்.

> முத்திரை என்றாலே போதும்.

முத்திரைக் காசு என்ற பெயரை நாணயவியலில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டாயிற்று. வெள்ளித் துண்டில் சூரியன், மலை, யானை என்று தனித்தனி அச்சால் குத்திய பழங்காசுகளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதே கண்காட்சியில் முதல் மேசையிலேயே அவை இருக்கும்.

> தங்கசாலைக் குறி. சென்னையில் தெருவே இருக்கிறதே.

இதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேன். ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு ரூபாய்க்குப் பக்கத்தில் 'தங்கசாலை' என்று எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். நாணயச்சாலைக் குறி தப்பில்லை. நீளம்தான் குறை, அட்டையில் ஒரு வரியையே விழுங்குகிறது.

சொல்லைத் தேடுவதற்கு முன் அந்தக் குறி செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். அதற்கு நம்ம ஊர்க் காசைவிட நல்ல சான்று கிடையாது.

1736-இல் புதுச்சேரி ஆளுநராக இருந்த துய்மா, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி வழியாக ரூபாய் அடிக்கும் உரிமையை வாங்கினார். அதற்குப் பிறகு கப்பலில் வந்து இறங்கிய வெள்ளியை இங்கேயே ரூபாயாக்க முடிந்தது. ஆனால் அந்த ரூபாயில் பிரெஞ்சு எழுத்து ஒன்றும் இல்லை. பாரசீக எழுத்தில் முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரும் ஆட்சியாண்டும், அடித்த ஊர் 'ஆற்காடு' என்ற வாசகமும்தான் உண்டு. அடித்தது புதுச்சேரியில், காசு சொல்வது ஆற்காடு! வணிகர்கள் நம்பி வாங்கியது ஆற்காட்டு ரூபாயை என்பதால் பெயரை மாற்ற யாருக்கும் மனசில்லை. ஆங்கிலேயர்கள் 1742-இல் சென்னையில் அடிக்க உரிமை பெற்றபோது அவர்களும் இதையேதான் செய்தார்கள். எந்த ரூபாய் எங்கே பிறந்தது என்று பிரித்துச் சொல்வது ஓரத்தில் இருக்கும் பொடிக் குறி ஒன்றுதான். புதுச்சேரிக்குப் பிறை, சென்னையில் அடித்த பலவற்றில் தாமரை.

ஆக, நமக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். காசில் எழுதியிருக்கும் ஊர் ஒன்று, உண்மையில் அடித்த இடம் இன்னொன்று. 'ஊர்க்குறி' என்று பொதுவாக வைத்தால் ஆற்காட்டு ரூபாயில் அது எதைச் சுட்டும்?

துட்டில் இந்தத் தொல்லையே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 'தூதூ' என்று எழுதிக்கொண்டதும் இதே துட்டைத்தான். அந்தச் செப்புக்காசின் ஒரு பக்கம் பிரெஞ்சு அல்லிமலர், மறுபக்கம் தமிழ் எழுத்திலேயே புதுச்சேரி. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர் கைக்குப் போகிற காசு அல்லவா, அவருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் இருந்தால்தானே செல்லும்.

1835-இல் கம்பெனி ஆட்சி தன் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெயின், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நாலாம் வில்லியம் தலை ஒரு பக்கம், கம்பெனி பெயரும் மதிப்பும் மறுபக்கம். காசிலிருந்து ஊர்ப்பெயர் போய்விட்டது. கல்கத்தா, பம்பாய், சென்னை எங்கே அடித்தாலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுதான் திட்டமே. அப்புறம் பிறப்பிடத்தைக் காட்ட ஆண்டுக்கு அருகிலோ எழுத்துக்கு இடையிலோ ஒளிந்திருக்கும் புள்ளியையோ எழுத்தையோதான் தேட வேண்டும். இன்றைய ரூபாயும் இந்த வழியில் வந்ததுதான். பையிலிருக்கும் காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: சாய்சதுரம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. உள்நாட்டில் அடித்தது போதாமல் வெளியே அடித்து வாங்கிய காலமும் உண்டு. 1985 ரூபாயில் 'எச்' இருந்தால் பர்மிங்காம், 1988 சில்லறைப் பைசாவில் 'சி' இருந்தால் கனடா.

என் பரிந்துரை 'கம்பட்டம்'. பழைய அகராதிகளில் காசு அடிப்பதோடு சேர்ந்த சொல். மலையாளத்தில் 'கம்மட்டம்' என்று இன்றும் புழங்குகிறது. தங்கம், வெள்ளி, எஃகு எதையும் அது கட்டிப்போடவில்லை. கம்பட்டம், கம்பட்டக் குறி, கம்பட்டப் பெயர் என்று கிளைக்கவும் செய்கிறது. 'அக்கசாலை'யும் அழகான சொல்தான். ஆனால் பொற்கொல்லர் பட்டறைக்கும் அதுவே பெயர் என்பதால் ஒதுக்கினேன்.

இன்னொன்று. அட்டைகளில் 'நாணயம் அச்சிட்டார்கள்' என்று யாரும் எழுத வேண்டாம். அச்சிடுவது நோட்டை. காசை அடிக்கிறோம், பழைய காசுகள் சிலவற்றை வார்த்தார்கள். இந்த மூன்றையும் குழப்பினால் கண்காட்சி வைத்தே பயனில்லை.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து

*

தம்பிக்கு,

இரண்டு சொல் வேண்டும் என்றது சரி. ஆற்காட்டு ரூபாயை வைத்துச் சொன்னதால் எனக்கே தெளிவாகிவிட்டது. ஆனால் கம்பட்டம் என்றால் எங்கள் பிள்ளைகள் கம்பங்கொல்லையைத்தான் நினைப்பார்கள். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன், புரியாத சொல்லைப் பார்த்தால் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார்கள். நாணயச்சாலை பாடப்புத்தகத்தில் பழகிய சொல். நீளத்தைப் பார்க்காதே.

அப்புறம் கொல்கத்தா காசுக்கு என்ன எழுதுவாய்? இல்லாத குறிக்கு எப்படி அம்பு போடுவது?

– கடலூர், திருப்பாதிரிப்புலியூர்

*

ஐயா,

பாடப்புத்தகத்தில் நாணயச்சாலை இருப்பது உண்மை. அதை நீக்கச் சொல்லவில்லை. முதல் அட்டையில் மட்டும் இரண்டையும் சேர்த்தே போடுகிறேன். ஆனால் நாற்பது அட்டையிலும் நாணயச்சாலைக் குறி, நாணயச்சாலைப் பெயர் என்று வந்தால் இரண்டும் ஒன்றுபோலவே கண்ணில் படும். பிள்ளைகள் கவனிக்க வேண்டிய வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. ஒரு சொல்லை ஒரு மேசையில் கற்றுக்கொண்டால் மிச்ச மேசைகளில் அதை அவர்களே தேடுவார்கள் என்று நம்புகிறேன்.

கொல்கத்தாவுக்கு அம்பு வேண்டாம். ஒரே ஆண்டு, ஒரே மதிப்புள்ள நான்கு காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே பூதக்கண்ணாடி ஒன்றைக் கட்டித் தொங்கவிடலாம். குறியில்லாதது எது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

முதல் அட்டையின் வரைவு கீழே. திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

"வெள்ளி ரூபாய், 18ஆம் நூற்றாண்டு. காசு அடிக்கும் இடம் கம்பட்டம், அதாவது நாணயச்சாலை. இதில் கம்பட்டப் பெயர்: ஆற்காடு. கம்பட்டக் குறி: பிறை. அடித்த இடம்: புதுச்சேரி."