ரக்பி லீக்கில் ஆட்டத்தை நடத்தும் 18 வயது ஹாஃப்பேக்குக்கு எது நல்லது: ஓராண்டு ஒப்பந்தமா, மூன்றாண்டா?

பதின்மூன்று ஜெர்சி:
ஆஸ்திரேலியப் பெண்கள் ரக்பி லீக்கான என்ஆர்எல்டபிள்யூவில் 2023-க்கு முன்னாடி வரைக்கும் சீசனுக்கு சீசன் கையெழுத்துதான். 2023-ல் லீக்குக்கும் வீராங்கனைகளுக்கும் நடுவுல வந்த முதல் கூட்டு ஒப்பந்தம்தான் பல ஆண்டுக் கையெழுத்துக்கு வழி விட்டது. அதனால இப்போ தார்ஷா கேல் கோப்பையில் 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஆடி மேலே வர்ற ஒரு பெண்ணுக்கு முதல் நாளே இந்தக் கேள்வி வந்துடுது. மூன்று வருஷம் கேட்டு வாங்கணும்னு நான் சொல்றேன். காரணம் முழங்கால்.

காலண்டரை எடுத்து வெச்சுப் பாருங்க. ஆகஸ்ட் ஆட்டத்துல சைட்ஸ்டெப் போட்டுத் திடீர்னு பக்கவாட்டுல திரும்பும்போது முழங்காலுக்குள்ள இருக்கிற ஏசிஎல் தசைநார் கிழியுது. வீக்கம் வடிஞ்சு, கால் முழுசா நீட்ட வந்த பிறகுதான் அறுவை செய்வாங்க. அதுக்கே செப்டம்பர் கடைசி ஆயிடும். அங்கிருந்து திரும்ப ஆட வரக் குறைந்தது ஒன்பது மாசம்னா ஜூன் கடைசி. ஜூலையில் சீசன் தொடங்குது. ஓராண்டு ஒப்பந்தம் போட்டவளுக்கு இறுதிப் போட்டி முடிஞ்சதும் ஒப்பந்தமும் முடிஞ்சது. ஊன்றுகோலோட போய் அடுத்த சம்பளம் பேசணும்.

ஏழாம் நம்பர்:
முழங்காலை மட்டும் பார்த்தா உங்க கணக்கு சரி, விலையைப் பார்த்தா தப்பு. ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 2023-ல் சுமார் 9 லட்சம் டாலர், 2027-ல் சுமார் 15 லட்சம். வருஷா வருஷம் உயர்ற சந்தையில முதல் வருஷ விலைக்கு மூணு வருஷத்தைக் கட்டிக் கொடுக்கச் சொல்றீங்க.

அணிகளையும் எண்ணுங்க: 2018-ல் நாலு, 2023-ல் பத்து, 2025-ல் புல்டாக்ஸும் வாரியர்ஸும் சேர்ந்து பன்னிரண்டு. முன்வரிசைக்கு ஆள் பல பேர் வேணும், அதுல ஒருத்திக்குப் பதிலா இன்னொருத்தி ஆடிடலாம். ஆட்டத்தை நடத்துற ஏழாம் நம்பர், அதாவது ஹாஃப்பேக், அணிக்கு ஒருத்திதான். ஆறாவது டேக்கிள்ல பந்து எதிரணிக்குப் போறதுக்கு முன்னாடி எங்கே உதைக்கணும், எந்தப் பக்கம் பந்தைத் திருப்பணும்னு முடிவு செய்றவ அவதான். புது கிளப் வந்தா முதல்ல தேடுறதும் அவளைத்தான்.

ஜெஸ்ஸி சவுத்வெல்லைப் பாருங்க. 17 வயசுல 2022-ல் நியூகாசில் நைட்ஸுக்கு ஆட வந்தாங்க. முந்தின சீசன்ல ஐந்து ஆட்டமும் தோத்த கிளப் அது. அந்த வருஷமே இறுதிப் போட்டியில பாரமட்டாவை 32-12, அடுத்த வருஷம் கோல்ட் கோஸ்ட்டை 24-18. ரெண்டு கோப்பைக்கு முன்னாடி இருந்த விலையும் பின்னாடி இருக்கிற விலையும் ஒண்ணா?

பதின்மூன்று ஜெர்சி:
அதே நைட்ஸுக்கு 2022-ல் முன்வரிசை ஆட்டக்காரி மில்லி பாய்லும், கடைசி வரிசையில இருந்து ஓடி வர்ற ஃபுல்பேக் டமிக்கா அப்டனும் வந்து சேர்ந்தாங்க. பக்கத்துல அப்படிப்பட்ட ஃபுல்பேக் ஓடி வரும்போது ஹாஃப்பேக்கின் பாஸ் எல்லாம் பொன்னாத் தெரியும். அடிமட்ட அணியில மாட்டிக்கிட்ட 18 வயசுப் பெண்ணுக்கு முதல் வருஷம் மோசமாத்தான் இருக்கும். ஒரு வருஷக் கையெழுத்துன்னா அந்த மோசமான வருஷத்தை வெச்சுத்தான் அவளை எடை போடுவாங்க.

முழங்கால் பார்வை, சிட்னி:
ரெண்டு பேரும் ஒன்பது மாசத்தை ஒரு திகதி மாதிரிக் கதைக்கிறீங்கள். அது திகதி இல்லை, அதுக்கு முன்னம் ஆட விடக்கூடாது எண்ட எல்லை மட்டும்தான். பிறகு ஒரு சோதனை இருக்கு. ஒற்றைக் காலில் முன்னுக்குப் பாய்ஞ்சு, அதே காலில் இறங்கி, ஆடாமல் நிற்க வேணும். தூரத்தை அளவு நாடாவால் அளப்பினம். நல்ல கால் 150 சென்டிமீட்டர் பாய்ஞ்சால் அடிபட்ட கால் குறைஞ்சது 135 பாய வேணும், அதாவது 90 வீதம். தொடையின் முன்தசை பலத்துக்கும் அதே அளவுகோல். தூரம் சரியாக வந்தாலும் இறங்கேக்க முழங்கால் உள்ளுக்குச் சரிஞ்சால் அவ தயார் இல்லை. ஒன்பதாம் மாசம் இந்தச் சோதனையில் தவறுற ஆக்கள் கன பேர்.

ஆனபடியால் வருஷக் கணக்கை விட முக்கியமானது ஒரு வரி: ஒப்பந்தம் முடிஞ்சாலும், சோதனையில் தேறும் வரைக்கும் சிகிச்சைச் செலவு ஆர் குடுக்கிறது? அது எழுத்தில் இருக்க வேணும்.

தலைக் காயத்தையும் மறக்க வேண்டாம். 2023 முதல் மூளையதிர்ச்சிக்கு 11 நாள் கட்டாய ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை அடிபட்டால் அடுத்த வார ஆட்டம் போச்சு. 11 சுற்று மட்டும் உள்ள சீசனில் இப்படி ரெண்டு தரம் நடந்தால், ஓராண்டு ஒப்பந்தக்காரிக்குத் தன்னைக் காட்ட மிச்சம் என்ன இருக்கு?

ஏழாம் நம்பர்:
சிகிச்சை வரியை முழு மனசோட ஒத்துக்கிறேன். ஆனா அதை ஓராண்டு ஒப்பந்தத்துலயும் எழுதலாமே.

வாடகையும் வேலையும்:
சாப்பாட்டுக் கணக்கை யாரும் பேசலை. 2023-ல் லீக்கின் குறைந்தபட்சம் 30,000 டாலர். அதே வருஷம் ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பொது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23.23, வாரம் 38 மணி நேரம், 52 வாரம் போட்டா 45,900-ஐத் தொடுது. அறிமுக வீராங்கனைக்கு இன்னொரு வேலை இல்லாம முடியாது. 2027-ல் லீக்கின் குறைந்தபட்சம் 50,000-ஐத் தாண்டும். அப்பவும் சிட்னி வாடகைக்கு அது தாராளம் இல்லை.

நர்சிங் படிக்கிறவளுக்கு மருத்துவமனைப் பயிற்சி ஒரே ஊர்ல நடக்கணும். வருஷத்துக்கொரு கிளப்னா இந்த வருஷம் நியூகாசில், அடுத்த வருஷம் டவுன்ஸ்வில். படிப்பு பாதியில நின்னு போகும். அதனால என் ஓட்டு நீண்ட ஒப்பந்தத்துக்கு. மாநிலங்கள் மோதுற ஆரிஜின் ஆட்டத்துக்கான அணிக்குத் தேர்வாகிறவளுக்கு ஆட்டச் சம்பளம் தனியா வரும், அவ நிலைமை வேற. ஆனா அந்த இடம் மாநிலத்துக்குச் சில பேருக்குத்தான்.

ஏழாம் நம்பர்:
வேலை, படிப்பு விஷயத்துல நான் இறங்கி வர்றேன். அப்போ ரெண்டு வருஷம் உறுதி, மூணாவது வருஷம் விருப்பத் தேர்வு. விலையும் அடிபடாது, ஊரும் மாறாது.

பதின்மூன்று ஜெர்சி:
அந்த விருப்பம் யார் கையில? கிளப் கையில இருந்தா முழங்கால் போன அன்னைக்கே மூணாவது வருஷமும் போச்சு. இரு தரப்பும் சம்மதிச்சான்னு எழுதினாலும் அதே கதிதான், ஒருத்தர் மறுத்தாப் போதும். வீராங்கனை கையில மட்டும் இருந்தா ஒத்துக்கிறேன். அதுவும் முடிவு சொல்ற கடைசி நாள் இறுதிப் போட்டிக்குப் பிறகு இருக்கணும். சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே சொல்லச் சொன்னா, கால் எப்படி இருக்கு, விலை எவ்வளவு ஏறியிருக்குன்னு தெரியாமலே அவ சொல்ல வேண்டியிருக்கும்.

ஏழாம் நம்பர்:
அதோட மூணாவது வருஷச் சம்பளத்தை டாலர்ல எழுதாம, அந்த வருஷ உச்சவரம்பில் இத்தனை சதவீதம்னு எழுதணும். அப்படி எழுதிக் கொடுக்கிற கிளப்பா இருந்தா மூணு வருஷத்துக்கு நானும் சரி சொல்வேன்.