நீரிறங்காத் தளம்: மழைநீர் வடிகால் கட்டணத்துக்கான கலைச்சொல் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரியில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். தெருவையும் மழைநீர் வடிகாலையும் பழுதுபார்க்க அமெரிக்காவின் சின்ன ஊர்கள் எங்கிருந்து பணம் எடுக்கின்றன என்பதுதான் பொருள். மழைநீரை மண்ணுக்குள் இறங்க விடாத இடத்தை அங்கே 'இம்பர்வியஸ் சர்ஃபேஸ்' என்கிறார்கள், அதன் அளவை வைத்துத்தான் வடிகால் கட்டணம் போடுகிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இடத்தில் வேலை நின்றுவிட்டது. நேற்று வந்த மடல்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> நீர்புகாப் பரப்பு என்றே வைத்துவிடலாம். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தானே.

புழக்கத்தில் இருப்பதுதான் ஐயா சிக்கல். 'நீர்புகா' என்பதை மொட்டைமாடிப் பூச்சு விற்பவர்களும் கைக்கடிகாரம் விற்பவர்களும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அங்கே அது பாராட்டுச் சொல். நாம் சொல்ல வருவது வேறு: பெய்த மழை மண்ணுக்குள் போக வழியில்லாமல் தெருவுக்கு ஓடி வருகிறது, அதற்குக் காரணமான கூரை, சிமெண்ட் முற்றம், தார்ச்சாலை. நம் பக்கத்து விவசாயிகள் 'தண்ணி இறங்கல' என்று சொல்வார்கள். அந்த வினைதான் பொருத்தம். எனவே 'நீரிறங்கா'.

> நீரிறங்காப் பரப்பு என்றால் போதாதா?

போதாது என்பதற்கு கிருஷ்ணகிரியே சாட்சி. ஊருக்கு மேலே நிற்கும் கோட்டை மலை முழுக்கப் பாறை. அதிலும் நீர் இறங்காது. பழையபேட்டைக்காரரிடம் அந்த மலைக்கும் சேர்த்துப் பணம் கேட்க முடியுமா? கரடும் பாறையும் இயற்கை. அமெரிக்க ஊர்களில் கணக்கில் எடுப்பது மனிதர் போட்டு மூடிய இடத்தை. தமிழில் அதற்கு அழகான சொல் இருக்கிறது: தளம். 'தளம் போட்டாச்சா?' என்று கேட்டால் வீடு கட்டும் யாருக்கும் விளங்கும். தளம் தானாக வராது, ஒருவர் போட வேண்டும். போட்டவர் பொறுப்பும் அதிலேயே இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: நீரிறங்காத் தளம். இணையதளத்தோடு குழம்பும் என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். வடிகால் பேச்சில் அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

> நம் சொத்து வரிச் சீட்டில் கட்டடப் பரப்பு ஏற்கெனவே இருக்கிறதே, அதையே பயன்படுத்தலாமே?

இங்கேதான் சொல் கவனமாக இருக்க வேண்டும். நமது சொத்து வரி கட்டடத்தின் பரப்பு, அது இருக்கும் பகுதி, பயன்பாடு ஆகியவற்றைப் பார்த்துப் போடுவது. இரண்டு மாடி வீட்டுக்கு இரண்டு மாடியின் பரப்பும் சேரும். ஆனால் மழை விழுவது மேல்கூரை ஒன்றில்தான். மறுபுறம், ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் ஒரு பங்கு என்றால், வண்டி நிறுத்த முன்னால் சிமெண்ட் போட்ட இடம் இரண்டு பங்கு. அந்த முற்றத்திலிருந்து வடியும் தண்ணீர் கட்டடப் பரப்பில் தெரியவே தெரியாது. நீரிறங்காத் தளத்தை வானத்திலிருந்து பார்ப்பதுபோல அளக்க வேண்டும்.

இப்படி வடியும் தண்ணீர் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனது. அப்படிப்பட்ட மழைக்கு எந்த வாய்க்காலும் ஈடுகொடுக்காது. நான் பேசுவது ஐப்பசியில் சாதாரணமாகப் பெய்யும் 5 செ.மீ. மழையை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து சுமார் 4,600 லிட்டர் இறங்கும். தெருவில் முப்பது வீடு என்றால் 1,38,000 லிட்டர். படிக்கட்டையும் வண்டி ஏற்றும் சாய்தளத்தையும் கட்டி அடைத்த வாய்க்காலில் இது போகாது, தாரின் மேல் நிற்கும். விரிசல் வழியே ஜல்லிக்குள் இறங்கும். அடுத்த லாரி ஏறியதும் பள்ளம். தெருப் பழுதையும் வடிகால் பழுதையும் ஒரே கையேட்டில் வைப்பதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரம் 1974இலேயே இப்படி வடிகாலுக்குத் தனிக் கட்டணம் தொடங்கியது. இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களில் உண்டு. ஊரின் சராசரி வீட்டில் எவ்வளவு நீரிறங்காத் தளம் என்று பார்த்து, அதை ஓர் அலகாக வைக்கிறார்கள். இதை 'வீட்டலகு' எனலாம். ஒரு வீட்டலகு 1,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 20,000 சதுர அடி மூடிய மண்டபம் இருபது பங்கு கட்டும். ஆரெகன் மாநிலத்தில் சில ஊர்கள் தெருப் பராமரிப்புக்கும் மாதக் கட்டணம் வாங்குகின்றன. அங்கே கணக்கு தளத்தை வைத்து அல்ல, அந்த இடத்துக்கு வண்டிகள் எத்தனை வரும் என்பதை வைத்து.

> கட்டணம் என்னத்துக்கு அண்ணா? வரி என்றே எழுதுங்கள், சனங்களுக்குப் புரியும்.

தம்பி, இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1954இல் சென்னை அறநிலையத் துறைக்கும் சிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியது. வாங்கிய பணம் பொதுக் கருவூலத்தில் கலந்து, குறிப்பிட்ட சேவைக்கென்று ஒதுக்கப்படாவிட்டால் அது வரிதான். கட்டணம் என்றால் அந்தச் சேவைக்கே போக வேண்டும். நாம் கேட்பதும் அதைத்தானே! அமெரிக்க ஊர்களிலும் சொத்து வரி விலக்குள்ள தேவாலயங்களும் பள்ளிகளும் பல இடங்களில் இந்தக் கட்டணத்தைக் கட்டுகின்றன, அது வரி இல்லை என்பதால். இந்தக் கட்டணத்தைத் தனியே வைத்து வடிகாலுக்கே செலவிடும் ஏற்பாட்டை அங்கே 'யூட்டிலிட்டி' என்கிறார்கள். அதைப் 'பயன்பாடு' என்று எழுதினால் இந்தச் செய்தி தொலைந்துபோகும். 'வடிகால் தனிக்கணக்கு' என்று எழுத விரும்புகிறேன்.

மானியம் வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: மத்திய அரசின் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் பதினைந்தாவது, 2021–26க்கு தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற ஊர்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, துப்புரவு, திடக்கழிவு ஆகிய வேலைகளுக்கு மட்டும் என்று கட்டிவைத்தது. வடிகாலைப் புதிதாகக் கட்டத் திட்டப் பணம் கிடைக்கும். ஆண்டுதோறும் மண் அள்ள, உடைந்த மூடியை மாற்ற ஊரின் கைப்பணம்தான் வேண்டும்.

ஒரு சொல் பாக்கி. வீட்டிலேயே மழைநீரை நிலத்துக்குள் இறக்கிவிடுபவர்களுக்கு அந்த ஊர்கள் கட்டணத்தைக் குறைக்கின்றன. 2003இலேயே மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது, எனவே இந்தப் பகுதியை விரிவாகவே எழுதப்போகிறேன். 'கழிவு' என்று போட்டால் பக்கத்திலேயே கழிவுநீர் நிற்கிறது. 'தள்ளுபடி' ஜவுளிக்கடை வாசம் அடிக்கிறது. இப்போதைக்கு 'நீரிறக்கச் சலுகை' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.