ஃபேன் ரெகுலேட்டர் போட்டா ஃப்ளோ கண்ட்ரோல் வந்துருமா?

லேத்பட்டறை:
பால் ஸ்டீம் பத்தின பேச்சுக்கு நடுவுல பொள்ளாச்சிக்காரர் எழுதிட்டுப் போயிருக்காரு: "காஜியா கிளாசிக்குக்கு ஃப்ளோ கண்ட்ரோல் வேணும்னா பம்பு வயர்ல ஒரு ஃபேன் ரெகுலேட்டர் மாட்டுங்க, வேலை முடிஞ்சுது. நீடில் வால்வு, கேஜ் எல்லாம் காசுக்குப் புடிச்ச கேடு." காஜியா கிளாசிக்ங்கறது ஊட்டுல வெச்சுக்கற எஸ்பிரெஸ்ஸோ மெஷின். ஃப்ளோ கண்ட்ரோல்னா பொடிக்குள்ள போற தண்ணியைக் கூட்டிக் கொறைக்கறது, நீடில் வால்வுன்னா திருகித் தண்ணியைக் கொறைக்கற ஊசிமுனை வால்வு, கேஜ்னா பிரஷர் காட்டற மீட்டர். கீழ நாலு பேரு நாளைக்கே மாட்டறோம்னு சொல்லியிருக்காங்க. மாட்டாதீங்க.

இன்னைக்குக் கடையில ஃபேன் ரெகுலேட்டர் கேட்டா அஞ்சு ஸ்டெப் வெச்சதைத்தான் எடுத்துக் குடுப்பாங்க. உள்ளுக்குள்ள கெபாசிட்டர். இந்த மெஷின்ல இருக்கறது உல்கா வைப்ரேஷன் பம்பு, காயில் இழுத்துப் பிஸ்டன் அடிக்கற வகை. அதுக்குள்ள ஒரு டயோடு இருக்குது, கரண்டை ஒரு பக்கமாத்தான் விடும். கெபாசிட்டர் ஒரே பக்கமா சார்ஜ் ஏறி 325 வோல்ட் கிட்ட நின்னுக்கும். அதுக்கு மேல கரண்டு போகாது. அஞ்சுல வெச்சா கெபாசிட்டரைத் தாண்டி நேரா போயிரும், பம்பு முழு வேகம். நாலுல வெச்சா பம்பு மூச்சு விடாது. நடுவுல கண்ட்ரோல்னு ஒண்ணு இல்லவே இல்லை.

பொள்ளாச்சிக்காரன்:
ஏனுங்ணா, ரெகுலேட்டர்னா ஸ்டெப் ரெகுலேட்டர் மட்டுந்தானா? திருகத் திருகக் கொறையற குமிழ் ரெகுலேட்டர் எந்த எலக்ட்ரிக் கடையிலயும் தொங்குது. அதுக்குள்ள ட்ரையாக், கரண்டை வெட்டி வெட்டி விடற எலக்ட்ரானிக் ஸ்விட்ச். அது இந்தப் பம்போட நல்லாவே வேலை செய்யும். நான் சொன்னது அதைத்தான். நான் எழுதாததை நீங்களே எழுதி நீங்களே திட்டறீங்க.

லேத்பட்டறை:
நீங்க எழுதினது "ஃபேன் ரெகுலேட்டர்". மேல அப்படியே இருக்குது. ட்ரையாக் இருந்தா அது டிம்மர், டிம்மர்னு எழுதுங்க. அதையும் பம்பு வயர்ல எந்த எடத்துல மாட்டறதுன்னு எழுதலையே? ப்ரூ ஸ்விட்ச்சுல, அதாவது காபி எறக்கற ஸ்விட்ச்சுல, இருந்து வர்ற லைன் பம்புக்கும் போகுது, மூணுவழி சோலனாய்டுக்கும் (கரண்டுல தெறக்கற வால்வு) போகுது. பிரியறதுக்கு முன்னாடி டிம்மர் வெச்சா சோலனாய்டுக்கும் வோல்டேஜ் கொறையும். அது படபடன்னு அடிச்சுக்கும், இல்லைனா தெறக்கவே தெறக்காது, காயில் சூடேறும். பிரிஞ்சதுக்கப்பறம், பம்போட ஒரு டெர்மினலுக்குப் போற வயர்ல மட்டும் வைக்கோணும். 6.3 மில்லி ஸ்பேடு கனெக்டர், 0.75 ஸ்கொயர் வயர், பாய்லர் பக்கம் போற எடத்துல சூடு தாங்கற சிலிக்கான் ஸ்லீவ். எர்த் வயரைத் தொடவே கூடாது. ப்ளக்கைப் புடுங்கிட்டுத்தான் மேல்மூடியைக் கழட்டோணும்.

எல்இடிக்குன்னு விக்கற, கரண்டு அலையோட கடைசியை வெட்டற ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மரும் ஆகாது. காயில் லோடுக்கு அலையோட ஆரம்பத்தை வெட்டற லீடிங் எட்ஜ்தான். ஸ்னப்பர் (ட்ரையாக்குக்குக் குறுக்க போடற ரெசிஸ்டர், கெபாசிட்டர் ஜோடி) இல்லாத மட்டமான டிம்மரா இருந்தா 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சேர்த்துப் போடோணும், இல்லைனா ட்ரையாக் சரியா அணையாது, பம்பு விட்டு விட்டு இடிக்கும். பம்பே 48 வாட்தான். பல டிம்மருக்கு இவ்வளவு சின்ன லோடு பத்தாது. அட்டைப்பெட்டியில குறைஞ்சபட்ச லோடு எவ்வளவுன்னு பார்த்து வாங்குங்க.

பொள்ளாச்சிக்காரன்:
ஆக ஃபேன் ரெகுலேட்டர் ஆகும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

லேத்பட்டறை:
ஒத்துக்கலை. டிம்மர் ஆகும். ஃபேன் ரெகுலேட்டர் ஆகாது.

அவிநாசி அம்மிணி:
பேரு எதுவா வேணா இருக்கட்டுமுங்க. டிம்மர் போட்டா அது ஃப்ளோ கண்ட்ரோலே இல்லை. பம்பு விநாடிக்கு 50 தடவை அடிக்குது. டிம்மரைத் திருகினாலும் அதே 50தான், ஒவ்வொரு அடியோட பலந்தான் கொறையும். பலம் கொறைஞ்சா எட்டற பிரஷர் கொறையும். பொடி பெருசா அரைச்சிருந்தா அந்தக் கொறைஞ்ச பிரஷர்லயும் தண்ணி கொட்டும், பொடி நைசா இருந்தா சொட்டாது. தண்ணியை அளந்து விடறது நீடில் வால்வு ஒண்ணுதான்.

லேத்பட்டறை:
அம்மிணி, வால்வை எங்க வைக்கறதுன்னு சொல்லாம விட்டா ஆபத்து. பம்புக்கு அடுத்தாப்புல ஓபிவி இருக்குது, பிரஷர் கூடினா தண்ணியை வடிச்சு விடற வால்வு. பம்புக்கும் ஓபிவிக்கும் நடுவுல நேரா நீடில் வால்வைப் போட்டு இறுக்கினா பம்போட மொத்தப் பிரஷரும், 15 பார் வரைக்கும், அந்த ஓஸ்ல நிக்கும். ஓபிவி அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறதால வடியவும் வழியில்லை. புஷ் ஃபிட்டிங் புடுங்கிக்கிட்டு வரும். பைபாஸ்தான் பத்திரம்: பம்புக்கும் ஓபிவிக்கும் நடுவுல ஒரு டி, அதோட ஒரு காலுக்கு நீடில், நீடில்ல இருந்து 6 மில்லி டெஃப்லான் ட்யூப் திரும்பத் தொட்டிக்கு. தெறந்தா தண்ணி தொட்டிக்கே போயிரும், காபிக்குக் கொறையும். மூடினா முழுசும் காபிக்கு. ஸ்டீம் போடறதுக்கு முன்னாடி நீடிலை மூடிருங்க, தெறந்தே கெடந்தா பாய்லர் சூடு அந்த வழியாத் திரும்பும். பித்தளை டி, 1/8 பிஎஸ்பி மரை. கோயமுத்தூர்ல கணபதி பக்கம் எந்த லேத்துலயும் கடைஞ்சு குடுப்பாங்க. பம்பும் மோட்டாரும் கெளம்பி நாடெல்லாம் போற ஊருல, ஃபேன் ரெகுலேட்டரை வெச்சு வேலை முடிஞ்சுதுன்னு எழுதறது நம்மூருக்கே கொறைச்சல்.

பொள்ளாச்சிக்காரன்:
ஊர்ப் பெருமையை எதுக்கு இதுல இழுக்கறீங்க? பொள்ளாச்சியில லேத்து இல்லைன்னு நெனப்பா? கோயமுத்தூர்க்காரங்களுக்கு எப்பவுமே இந்தப் பேச்சுத்தான். ஃபேன் ரெகுலேட்டர் குமிழ்ல மார்க்கர் பேனாவால மூணு கோடு போட்டு வெச்சாப் போதும்: முதல் கோடு நனைக்கறதுக்கு, ரெண்டாவது இழுக்கறதுக்கு, மூணாவது கடைசியில தணிக்கறதுக்கு.

லேத்பட்டறை:
கோடு போட்டாச் செல்லாது. சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடற நேரத்துல வோல்டேஜ் எறங்கறது தெரியாதா? 230ல போட்ட கோடு 205ல வேற பிரஷர். கோட்டைப் பார்க்காதீங்க, கேஜைப் பாருங்க. 0 முதல் 16 பார் கிளிசரின் கேஜ், அந்த எடத்துலயே இன்னொரு டி போட்டு எடுத்துக்கலாம். மொதல்ல பொடி போடற பேஸ்கெட்டுக்குப் பதிலா ஓட்டையில்லாத பேஸ்கெட்டைப் போட்டு ஓபிவியைச் சரி பண்ணுங்க. கேஜ்ல 10 நின்னா காபி எறங்கறப்ப 9 கிட்ட வரும். அதுக்குப் பல மெஷின்ல ஓபிவிக்குள்ள இருக்கற ஸ்பிரிங்கை மாத்தோணும். ஓபிவியைச் சரி பண்ணாம டிம்மர் மாட்டறவங்க வாயிக்கால்ல மடையை விட்டுட்டு வயல்ல அணை கட்டறாங்க.

18 கிராம் பொடி. 2, 3 பார்ல வெச்சு மொதல் சொட்டு வர்ற வரைக்கும் விடுங்க, 6, 8 விநாடி ஆகும். அப்பறம் 9. கப்புல 25 கிராம் தாண்டினதும் மெதுவா 6க்கு எறக்குங்க. 36 கிராம்ல நிறுத்துங்க. கடைசியில எறக்காம விட்டா, கரைஞ்சு எளகின பொடிக்குள்ள தண்ணி வழி புடிச்சு ஓடும், பின்கசப்பு ஏறும். லேசா வறுத்த ஆனைமலைக் கொட்டைக்கு நனைக்கற நேரம் இன்னும் கூடோணும்.

ஈரோட்டு மஞ்சள்:
தண்ணியைப் பத்தி யாருமே பேசலையே. போர் தண்ணி ஊத்தினா நீடில் வால்வு ஓட்டையில சுண்ணாம்பு அடைச்சுக்கும். நேத்து ரெண்டு சுத்துல வந்த தண்ணிக்கு இன்னைக்கு மூணு சுத்து வேணும். சிட்ரிக் ஆசிட் ஊத்தறப்ப நீடிலைக் கழட்டித் தனியா ஊறப் போடுங்க. சிறுவாணித் தண்ணி வர்ற ஊட்டுல உக்காந்துக்கிட்டு எழுதறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

அவிநாசி அம்மிணி:
சிறுவாணி இல்லாத ஊருக்கு ஆர்ஓ இருக்குதுங்க. ஆனா வெறும் ஆர்ஓத் தண்ணியில காபி சப்புன்னு இருக்கும், தண்ணியில கொஞ்சம் தாது உப்பு வேணும். ஈரோட்டுக்காரரு டிகாஷனுக்கே போர் தண்ணிதான்னு போன மாசம் எழுதினவரு. இப்ப நமக்குப் பாடம் எடுக்கறாரு.

ஈரோட்டு மஞ்சள்:
அது வேற பேச்சு. அதை இங்க எதுக்கு இழுக்கறீங்க? சிக்கரி கலந்த பொடியை எஸ்பிரெஸ்ஸோவுல போடலாம்னு எழுதினது யாருங்க? சிக்கரி தண்ணியில கரைஞ்சு பிசுபிசுன்னு பேஸ்கெட் ஓட்டையை அடைக்கும். அதை இன்னும் நீங்க திருத்தலை.

பொள்ளாச்சிக்காரன்:
எல்லாரும் என்னென்னமோ பேசறீங்க. ட்ரையாக் ரெகுலேட்டர் பம்பைக் கொறைக்குமா கொறைக்காதா? கொறைக்கும். அதைத்தான் மொதல்லயே சொன்னேன்.

லேத்பட்டறை:
மொதல்ல நீங்க ட்ரையாக்னு சொல்லவே இல்லை. கடைக்குப் போறவன் "ஃபேன் ரெகுலேட்டர்"னு கேட்டா ஸ்டெப் ரெகுலேட்டர்தான் கைக்கு வரும். மாட்டுவான், நாலுல பம்பு ஓடாது. பம்பு போச்சுன்னு புதுப் பம்பு வாங்குவான். அந்த வரியை எடுத்துட்டு "லீடிங் எட்ஜ் டிம்மர், பம்பு வயர்ல மட்டும்"னு மாத்துங்க.

பொள்ளாச்சிக்காரன்:
எடுக்க முடியாதுங்ணா. ஃபேன் ரெகுலேட்டர்தான்.

லேத்பட்டறை:
அப்ப நானும் விடறதா இல்லை. அந்த வரி இருக்கற எடத்துலெல்லாம் கீழ இதை எழுதுவேன்: கெபாசிட்டர், டயோடு, 325 வோல்ட், பம்பு ஓடாது.

அவிநாசி அம்மிணி:
ஓடினாலும் அது ஃப்ளோ இல்லீங்க, பிரஷர்.