காட்டை விட்டுப் போகாத யானை

நாடகத்துல நடிச்சவங்க அனுபவம்லாம் நிறைய படிச்சாச்சு, மேடை ஓரத்துல ஜமுக்காளத்துல உக்காந்து விடிய விடிய வாசிக்கிற எங்க கதையும் ஒண்ணு இருக்கட்டும். நான் மிருதங்கம், கும்பகோணம் பக்கம்.

ஸ்பெஷல் நாடகம்னா அந்த ஒரு ராத்திரிக்குன்னு அங்கங்கேருந்து ஆளைக் கூப்பிட்டுச் சேத்துப் போடறது, அதுக்கு ஒத்திகையே கிடையாதுங்க. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊரு, பபூன் வேற எங்கேருந்தோ, பல தடவை மேக்கப் போடற இடத்துலதான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க. வள்ளி திருமணம்னா சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் குடுத்த பாதை எல்லாருக்கும் மனப்பாடம் (அவர் 1922லயே போயிட்டாரு, பாட்டு இன்னும் ஓடுது), ஆனா அன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரும் பாட்டும் பேச்சுமா வாதம் பண்ற தர்க்கம் எவ்வளவு நேரம் இழுக்கும், யாரு எந்தப் பாட்டை எடுப்பாங்கன்னு முருகனுக்கே தெரியாது. அதையெல்லாம் தாங்கிப் பிடிக்கிறது பெட்டி (ஆர்மோனியம்), மிருதங்கம், ஆல்ரவுண்ட் (டிரம்ஸும் மத்த சத்தங்களும்), தாளம்னு நாங்க நாலு பேர்தான்.

பாபநாசம் தாண்டி ஒரு கிராமம், மாசி மாசம், அறுத்த வயலை ஒட்டி மேடை, பனின்னா அப்படி ஒரு பனி. என்கூட வாசிக்க வந்த மத்த மூணு பேரையும் அன்னிக்குத்தான் முதல்ல பாக்கறேன். என் இன்னொரு மிருதங்கம் தோல் மூட்டறதுக்குப் போயிருந்துச்சு, ஒண்ணுதான் கையில. பெட்டிக்கார அண்ணன் பாத்துட்டு "ஒத்தை மிருதங்கத்தோட வந்திருக்கியா தம்பி, தைரியம்தான்"னு சொல்லிட்டு வெத்தலைய மடிச்சாரு, அவ்வளவுதான் பேச்சு.

அஞ்சு கட்டை சுருதியில ஆரம்பிச்சோம். விடியக்காலை நாலு மணி இருக்கும், ராஜபார்ட்டுக்கு தொண்டை கட்டிடுச்சு, மேல் ஸ்தாயி போனா காத்துதான் வருது, சனம் வேற முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்ல, காதை சொறியற மாதிரி நாலு விரலைக் காட்டினாரு. நாலு கட்டை, சுருதியை இறக்குன்னு அர்த்தம்! அவருக்கென்ன, கட்டையை மாத்தி விரலை வச்சா முடிஞ்சுது. எனக்கு வலந்தரை, அதான் மிருதங்கத்தோட வலது பக்கம், முழுக்க இறக்கணுமே, மேடையில உக்காந்து கல்லால தட்டிக்கிட்டிருந்தா ஊரே சிரிக்கும்.

அடுத்து வள்ளிய பயமுறுத்த யானை வரணும். ஆல்ரவுண்ட் அண்ணன் என் கையில கல்லைப் பாத்தாரு, பெட்டிய பாத்தாரு, புரிஞ்சுக்கிட்டாரு. டிரம்ஸை உருட்டினாரு பாருங்க, சிம்பல்ஸ், பிளிறல், காடே இடிஞ்சு விழற மாதிரி சத்தம். அந்த சத்தத்துக்குள்ள நான் வலந்தரை ஓரத்துத் தோல் பின்னலை கீழேருந்து மேலா தட்டித் தட்டி இறக்கறேன், அண்ணன் பெட்டிய என் பக்கம் சாய்ச்சு நாலு கட்டை சட்ஜமத்தை (ஸ) எனக்கு மட்டும் கேக்கற அளவுக்கு ஊதிக்கிட்டே இருக்காரு, தாளக்காரர் குனிஞ்சு என் கையை மறைச்சுக்கிட்டாரு. ரெண்டு நிமிஷத்துல போகவேண்டிய யானை ஏழெட்டு நிமிஷம் சுத்துச்சு. உள்ள இருந்த பையன் பாவம், போக வழியில்லாம வள்ளியை மூணு தடவை விரட்டிட்டான்.

சுருதி சேந்ததும் ஒரே ஒரு 'தீம்' வச்சேன். டிரம்ஸ் டக்குனு நின்னுச்சு. ராஜபார்ட் நாலு கட்டையில எடுத்தாரு, குரல் பழம் மாதிரி வந்துச்சு.

விடிஞ்சு மெயின் ரோட்டுக் கடையில டீ குடிக்கிறோம். ராஜபார்ட் ஒண்ணும் கேக்கல, எங்க நாலு டீக்கும் அவரே காசு குடுத்துட்டு பஸ் ஏறிட்டாரு. யானை வேஷம் போட்ட பையன்தான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வந்து "ஏண்ணே, இன்னிக்கு அவ்வளவு நேரம் அடிச்சீங்க?"ன்னான். ஆல்ரவுண்ட் அண்ணன் பன்னை டீயில நனைச்சுக்கிட்டே, "நீ நல்லா ஆடுனடா, நிறுத்த மனசு வரல"ன்னாரு.