பிளாட் ஆர்மர்: கதைக்கவசமா, கதைக்காப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சாக வேண்டிய இடத்திலும் கதைக்குத் தேவை என்பதாலேயே ஒரு பாத்திரம் பிழைத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் 'பிளாட் ஆர்மர்' (plot armor) என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குக் 'கதைக்கவசம்' என்று முன்மொழிந்திருக்கிறீர்கள், ஐயா. கேட்டவுடன் புரிகிறது, நாவிலும் தங்குகிறது. ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டியலில் ஏறுவதற்கு முன் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சொல்லை உரசிப் பார்க்க 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற கற்பனை உலகத் தொலைக்காட்சித் தொடரின் எட்டாம் சீசன் மூன்றாம் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். 'த லாங் நைட்' என்ற அந்தப் பகுதியை 2019 ஏப்ரல் 28 அன்று எச்.பி.ஓ. ஒளிபரப்பியது. மறுநாள் திங்கட்கிழமை காலையிலேயே ஹாட்ஸ்டாரில் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடியவர்கள் இந்தக் குழுவிலும் இருப்பார்கள். இறந்தோரின் படை விண்டர்ஃபெல் கோட்டையைத் தாக்கும் ஒற்றை இரவை 82 நிமிடங்களுக்கு விரித்திருந்தார்கள். போர்க்காட்சிகளுக்காக 55 இரவுகள் படப்பிடிப்பு நடந்தது. எட்டு ஆண்டுகள் காத்திருந்த ரசிகர்களில் ஒரு சாரார் தொலைக்காட்சி இதுவரை காட்டிய போர்களிலேயே இதுதான் பெரியது என்று கொண்டாடினார்கள். மறுசாரார் ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்தார்கள்.

> இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதுதானே பெரிய புகார்?

அது வேறு கணக்கு. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் இருட்டு வேண்டுமென்றே வைத்தது என்றும், ஒளிபரப்பில் தரவைச் சுருக்கியதும் வீட்டுத் திரைகளின் அமைப்பும்தான் கோளாறு என்றும் சொன்னார். புகை, பனி, இருள் மூன்றும் சேர்ந்த படத்தை இறுக்கிச் சுருக்கினால் அது கட்டம் கட்டமாக உடையும் என்பது உண்மைதான். பார்ப்பவரின் திரையைக் குறை சொல்லித் தப்பிக்கலாமா என்பது தனி வழக்கு. அந்த உடைவுக்கான சொல்லை வேறொரு இழையில் வைத்துக்கொள்வோம்.

நம் சொல்லுக்கு வேண்டிய சரக்கு இன்னொரு புகாரில் இருக்கிறது. கோட்டையைக் காக்கும் பிரியெனையும் ஜேமியையும் சுவரோடு சுவராக எழுந்து நடக்கும் பிணங்கள் நெருக்குகின்றன. சண்டை தெரியாத சாம் பிணக்குவியலின் மேல் மல்லாந்து கிடந்து அழுதபடியே கத்தியை வீசுகிறான். இனி பிழைக்க வழியில்லை என்ற கணத்தில் காட்சி வெட்டப்படுகிறது. அடுத்த முறை பார்க்கும்போதும் அவர்கள் அதே இடத்தில் உயிரோடு இருக்கிறார்கள். ஒருமுறை என்றால் பொறுக்கலாம், திரும்பத் திரும்ப இதுவே நடந்தது. யாரும் சாகவில்லை என்று சொல்ல முடியாது. தியான், ஜோரா, பெரிக், எட், சிறுமி லியானா எல்லோரும் அந்த இரவில்தான் மாண்டார்கள். ஆயினும் பெரும்புள்ளிகள் பெரும்பாலும் தப்பினார்கள். தான் இன்னும் பலரைக் கொல்ல விரும்பியதாகவும், தொடரின் கர்த்தாக்கள் அதற்கு இசையவில்லை என்றும் இயக்குநர் மிகெல் சபோச்னிக் பின்னர் பேட்டியில் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், காப்பாற்றிய கை எது என்பது தெளிவாகிறது.

வேறு தொடராக இருந்தால் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. நாயகன் மேல் குண்டு படாது என்பதைச் சிறு வயதிலேயே ஏற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் 2011இல் நாயகன் என்று நம்பவைத்த நெட் ஸ்டார்க்கின் தலையை முதல் சீசனிலேயே உருட்டியும், 2013இல் ஒரு திருமண விருந்தில் அவர் மகன் ராப்பையும் அவன் தாயையும் அறுத்துப் போட்டும் பெயர் வாங்கிய தொடர் இது. இங்கே யாருக்கும் உத்தரவாதம் இல்லை என்று அதுவே கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொண்டவர்கள் கேள்வி கேட்டதில் வியப்பில்லை.

இனி சொல்லுக்கு வருகிறேன். 'கவசம்' என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுபவன் கர்ணன். அவன் கவசம் கதைக்குள் இருக்கும் பொருள். பிறவியிலேயே வந்தது, மற்றவர்களுக்கும் தெரிந்தது. அதனால்தான் இந்திரன் வேடம் போட்டு வந்து கேட்கிறான், கர்ணனும் அறுத்துக் கொடுக்கிறான். இரணியன் பெற்ற வரமும் அப்படித்தான், அதற்குள்ளேயே ஓட்டையும் இருந்தது. பிளாட் ஆர்மர் என்பது கதைக்குள் யாருக்கும் தெரியாதது. சாமுக்கும் தெரியாது, அவனைக் கடிக்க வரும் பிணத்துக்கும் தெரியாது. எழுதுபவருக்கு மட்டுமே தெரியும்.

இந்த வேறுபாடு அதே பகுதியிலேயே கிடைக்கிறது. பெரிக் பலமுறை செத்துப் பிழைத்தவன். நெட் ஸ்டார்க்கின் மகள் ஆர்யாவைக் காப்பாற்றிவிட்டு அவன் சாகும்போது, கடவுள் அவனை எழுப்பியது ஒரு நோக்கத்துக்காக, அது நிறைவேறிவிட்டது என்கிறாள் பூசாரிணி மெலிசாண்ட்ரே. கவசம் என்ற சொல் இவனுக்குத்தான் பொருந்தும். காரணமும் விலையும் கதைக்குள்ளேயே இருக்கின்றன. சாமுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இருவருக்கும் ஒரே சொல்லை வைத்தால் விமர்சனம் எழுதுபவருக்கு அது உதவாது.

என் பரிந்துரை கதைக்காப்பு. பிள்ளைத்தமிழில் முதல் பருவம் காப்பு. பாட்டுடைத் தலைவனைக் காக்கும்படி புலவர் தெய்வங்களை வேண்டுகிறார். குழந்தைக்கு இது எதுவும் தெரியாது, வேண்டுதல் முழுக்க எழுதுபவருடையது. நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் வைப்பதும் எழுதுபவரின் வேலைதான். நமக்கு வேண்டிய பொருளுக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

> காப்புரிமை, காப்பீடு, காப்புநகல் என்று 'காப்பு' ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறது.

உண்மைதான், கையில் போடும் காப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'கதை' என்ற முன்னொட்டு இருக்கும்வரை குழப்பம் வராது.

> 'ஆசிரியர் தயவு' எளிமையாக இல்லையா?

எளிமைதான், ஆனால் அதில் குற்றச்சாட்டு ஒட்டியிருக்கிறது. கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டும். 2016இல் இதே இயக்குநர் எடுத்த 'பேட்டில் ஆஃப் த பாஸ்டர்ட்ஸ்' பகுதியில் தொடரின் முக்கிய நாயகர்களில் ஒருவனான ஜான் ஸ்னோ தனியாளாகக் குதிரைப்படையின் முன் நிற்கிறான், சுற்றிலும் அம்புமழை, அவன் மேல் ஒன்றும் தைக்கவில்லை. காப்பு அங்கேயும் இருந்தது. ஆனால் மனிதர்களுக்கு அடியில் புதைந்து மூச்சுமுட்டி அவன் மேலே ஏறிவரும்வரை கேமரா அவனை விட்டு அகலவில்லை. பிழைத்ததற்கான பாடு கண்முன்னே தெரிந்ததால் பெரும்பாலோர் கேள்வி கேட்கவில்லை, இயக்கத்துக்கு எம்மி விருதும் வந்தது. நெடுங்கதை என்றால் காப்பு இருந்தே தீரும். அது துருத்திக்கொண்டு வெளியே தெரிவதுதான் குறை. அந்தக் குறைக்குத் தனிச்சொல் வேண்டும்.

இறந்தோர் படையின் தலைவனான இரவரசனை ஆர்யா கொன்றதையும் இதே தலைப்பில் அடக்கச் சொல்லும் நண்பருக்கு ஒரு வார்த்தை. அங்கே சர்ச்சை உயிர் பிழைத்தது பற்றியதன்று, கொல்லும் உரிமை யாருக்கு என்பது பற்றியது. ஜானுக்குத்தான் அது உரியது என்றவர்கள் ஒரு பக்கம். நீலக் கண்களையும் மூடுவாய் (இரவரசனின் கண்கள் நீலம்) என்று மூன்றாம் சீசனிலேயே ஆர்யாவிடம் மெலிசாண்ட்ரே சொன்னதைக் காட்டியவர்கள் மறுபக்கம். அது 'முன்னுணர்த்தல்' என்ற தலைப்பில் சேர வேண்டியது. ஆனால் கழுத்தைப் பிடித்த இரவரசன் உடனே நெரிக்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நொடி, ஐயமில்லாமல் கதைக்காப்புதான்!

பட்டியலுக்கு என் வரைவு:

கதைக்காப்பு: கதைக்குள் காரணம் இல்லாமல், கதையின் தேவை கருதி ஆசிரியர் ஒரு பாத்திரத்துக்குத் தரும் பாதுகாப்பு.

காப்பு துருத்தல்: அந்தப் பாதுகாப்பு பார்ப்பவருக்கோ வாசிப்பவருக்கோ அப்பட்டமாகத் தெரிந்துவிடுதல்.

காப்பவிழ்ப்பு: பாதுகாக்கப்பட்டவர் என்று நம்பவைத்த பாத்திரத்தை ஆசிரியரே கொன்றுவிடுதல். நெட் ஸ்டார்க் எடுத்துக்காட்டு.

மூன்றாவதற்கு முதலில் 'காப்பு நீக்கம்' என்றுதான் எழுதினேன், அரசாணை வாடை அடித்தது. அம்மன் கோயில் திருவிழாவில் கட்டிய காப்பை அவிழ்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தானே? ஆனால் அங்கே அது மங்கலமான நிறைவு, இங்கே கொலை. இந்த முரண் உறுத்துகிறதா என்று இலக்கணம் அறிந்தவர்களும் திருவிழா அறிந்தவர்களும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எதிர்ப்பு வராவிட்டால் முதல் இரண்டையும் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.