பெண்ட் பைப் நட்டைக் கழற்றினால் ஸ்டட் முறுகுகிறது, மேலே தொடரலாமா?

ஒற்றை சிலிண்டர்:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது ஒற்றை சிலிண்டர் இன்ஜெக்‌ஷன் வண்டி. ஏழு வருடமாக ஓடுகிறது, மழையிலும் நிறைய ஓடியிருக்கிறது. இன்ஜினிலிருந்து வரும் பெண்ட் பைப் முதல் சைலன்சர் வரை முழு செட்டாக ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எக்ஸாஸ்ட் வாங்கி, வீட்டிலேயே மாட்டலாம் என்று காலையில் உட்கார்ந்தேன். பின்னால் தாங்குகிற போல்ட், நடுவில் இருக்கும் கிளாம்ப், சைலன்சர் எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் இரண்டு நட்டில் இடது பக்கம் கொஞ்சம் அடம்பிடித்துக் கழன்றது. வலது பக்கம்தான் பிரச்சினை. 12 நம்பர் ரிங் ஸ்பேனர் போட்டு அழுத்தினால் லேசாகத் திரும்புவது போல இருக்கிறது, கையை விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. நட் திரும்பவில்லை, உள்ளே ஸ்டட்தான் (ஹெட்டில் பதிந்து நிற்கும், தலையில்லாத போல்ட்) முறுகுகிறது என்று புரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

இதை உடைக்காமல் எடுக்க வழி உண்டா? அப்புறம் புது செட்டோடு, பெண்ட் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தில் வைக்கும் கேஸ்கட் எதுவும் வரவில்லை, பழையதையே போடலாமா? இசியு மேப்பிங் (இன்ஜின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவை மாற்றிப் பதிவது) கட்டாயமா? ஆக்சிஜன் சென்சார் மாட்ட புது பைப்பில் இடம் இருக்கிறது. சரியாகச் செய்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று இருக்கிறேன், அவசரம் ஒன்றும் இல்லை.

துரு இளக்கி:

நிறுத்தியது மிக நல்ல காரியம். இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் ஸ்டட் துண்டாகியிருக்கும், அப்புறம் வேலையே வேறு. இதே இடத்தில் நான் ஒரு ஸ்டட்டை உடைத்து ஹெட்டையே கழற்ற வேண்டி வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கம்பி பிரஷ்ஷால் நட்டுக்கு வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்யுங்கள். அந்தத் துருவுக்கு மேல்தான் நட் ஏறி வர வேண்டும், அது சுத்தமாக இல்லாவிட்டால் பாதி வழியில் மறுபடி இறுகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை, பைப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் தகடான ஃப்ளேஞ்சோடு நட் சேரும் இடத்திலும் ஸ்டட் நுனியிலும் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள், மறுநாளும் விடுங்கள், மூன்றாம் நாளும். பலர் பத்து நிமிடம் ஊறியதும் ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள், அது பத்தாது.

அடுத்தது சூடு. நட்டைச் சூடாக்கினால் அது விரிந்து ஸ்டட்டின் பிடி தளரும். ஹெட் அலுமினியம், ஸ்டட் எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், எனவே ஹெட்டும் சூடானால் ஸ்டட் அடியில் பிடித்திருக்கும் பிடியும் தளரும். ஹீட் கன் போதும். வழிந்த எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுச் சூடு காட்டுங்கள். அது தீப்பிடிக்கும், பெட்ரோல் டேங்க்கும் மேலேதான் இருக்கிறது.

கழற்றும்போது நேராகக் கழற்றும் பக்கம் இழுக்காதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் மிக லேசாக ஒரு அசைவு, பிறகு கழற்றும் பக்கம் ஒரு அசைவு. நகர ஆரம்பித்ததும் கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி கால் சுற்று. ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர்தான் போட வேண்டும். பன்னிரண்டு முனை ரிங் துரு பிடித்த நட்டின் மூலையை மழுக்கிவிடும்.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டே முழுதாகக் கழன்று வந்தால் பயப்படாதீர்கள், அது அதிர்ஷ்டம். புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். எதற்கும் மசியவில்லை என்றால் நட்டின் ஒரு பக்கத்தை நீளவாக்கில், ஸ்டட்டைத் தொடாமல் அறுத்து, உளியால் பிளந்து எடுங்கள். நட் போனால் போகிறது, ஸ்டட் பிழைக்கும். அதையும் மீறி ஹெட்டோடு சமமாக உடைந்துவிட்டால் வீட்டில் எக்ஸ்ட்ராக்டர் (உடைந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் கருவி) விட்டுத் திருகாதீர்கள். எக்ஸ்ட்ராக்டரின் எஃகு மிகக் கடினமானது, அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. வெல்டிங் தெரிந்த பட்டறைக்கு அப்படியே கொண்டுபோய்விடுங்கள்.

நீளப்பாதை:

ஸ்டட் விஷயம் மேலே சொல்லியாயிற்று, மாட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

பழைய கேஸ்கட் வேண்டவே வேண்டாம். அது நசுங்கி உட்கார்ந்து அடைப்பதற்காகச் செய்த வளையம், ஒரு முறை நசுங்கியது மறுபடி அதே அளவு நசுங்காது. உங்கள் வண்டிக்கான ஒரிஜினல் கேஸ்கட்டையே வாங்குங்கள். இன்னொன்று, பழையது பெண்ட் பைப்போடு வராமல் ஹெட் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கரி படிந்து ஹெட்டின் பகுதி போலவே தெரியும் என்பதால் பலர் அதன்மேலேயே புதியதை வைத்து மாட்டிவிடுகிறார்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், கூர்மையான கொக்கியால் சுற்றிலும் மெதுவாக நெம்பினால் வந்துவிடும். புது கேஸ்கட் துளையில் நிற்காமல் விழுந்தால் துளி கிரீஸ் வைத்து ஒட்டுங்கள், அது எரிந்து போய்விடும்.

இப்போது முக்கியமானது. எல்லாவற்றையும் முதலில் கைவிரலால் மட்டும் திருகி மாட்டுங்கள். பெண்ட் பைப், நடு பைப், சைலன்சர், பின்னால் தாங்கும் பிராக்கெட் எல்லாம் ஆட வேண்டும். ஆட்டிப் பார்த்து எதுவும் எதையும் இழுக்காமல் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கம், அதுவும் இன்ஜினிலிருந்து பின்பக்கம் நோக்கி. ஹெட் நட் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஃப்ளேஞ்சுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் கிளாம்ப், கடைசியில்தான் பிராக்கெட். பின்பக்கம் முதலில் இறுக்கினால் பைப் முழுக்க ஒரு இழுவிசையோடு நிற்கும். அப்படி மாட்டிய வண்டிகளில் முதலில் கேஸ்கட் கசியும், போகப் போக பிராக்கெட் விரிசல் விடும்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள், ஊகம் வேண்டாம். ஸ்பிரிங் வைத்த ஜாயின்ட் இருந்தால் கொறடு வைத்து இழுக்காதீர்கள், நழுவினால் கண்ணுக்குத்தான் வரும். கொக்கி உள்ள ஸ்பிரிங் புல்லர், பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் வேண்டும்.

எல்லாம் இறுக்கியதும் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் ஸ்டாண்ட் மேலே மடங்கி வந்து மோதி நிற்கும் ரப்பர் பழைய சைலன்சரில்தான் இருக்கும். அது போனால் ஸ்டாண்ட் செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ இடிக்கும். பின் பிரேக் ஹோஸ் பைப்பைத் தொடுகிறதா, ஆயில் டிரெயின் போல்ட்டுக்கு ஸ்பேனர் போகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

காற்றுவாக்கில்:

மேப்பிங் எல்லாம் தேவையே இல்லை ப்ரோ, ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது, அதுவே பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நான் ஸ்லிப்-ஆன் போட்டு மூன்று வருடமாக ஓட்டுகிறேன்.

நீளப்பாதை:

ஸ்லிப்-ஆன் விஷயத்தில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி, அதில் கடைசி சைலன்சர் மட்டும்தான் மாறுகிறது. கேட்டவர் போடுவது முழு செட். வண்டியில் இருக்கும் சாதாரண சென்சார், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை 14.7க்கு 1 என்ற அளவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும். இசியு அதைக் கேட்பதும் சீராக ஓட்டும்போதும் ஐடிலிலும்தான். ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்தால் சென்சாரைக் கேட்காமல் தன்னிடம் பதிந்த அட்டவணைப்படியே பெட்ரோல் விடும். முழு செட்டில் காற்றின் ஓட்டம் மாறுகிறது, அட்டவணை மாறவில்லை, எனவே கலவை மெலிந்து இன்ஜின் சூடாக வாய்ப்பு உண்டு. செட் செய்தவர்களே உங்கள் மாடலுக்கு மேப் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லியிருப்பார்கள், அதைக் கேளுங்கள்.

சென்சாரைக் கழற்றும்போது முதலில் ஒயர் கனெக்டரைப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒயர் முறுகி உள்ளே அறுந்துவிடும். மரையில் மட்டும் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) தடவுங்கள், நுனியில் படக்கூடாது. சாதாரண சிலிகான் சீலன்ட்டை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அந்த ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

ஒன்று கட்டாயம் பாருங்கள், உங்கள் பழைய பெண்ட் பைப்பில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்ததா? இருந்து, புதிய செட்டில் இல்லையென்றால், பல நாடுகளில் அதைச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி தவறு. சத்தத்தைக் குறைக்கும் டிபி கில்லரையும் கழற்ற வேண்டாம். அதிகாலையில் ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

ஒற்றை சிலிண்டர்:

அனைவருக்கும் நன்றி. நான்கு நாள் ஊறவிட்டு, ஹீட் கன் காட்டி, முன்னும் பின்னும் அசைத்ததில் நட் ஸ்டட்டோடு சேர்ந்து வந்துவிட்டது. இரண்டு பக்கமும் புது ஸ்டட், புது கேஸ்கட் போட்டேன். பழைய கேஸ்கட் சொன்ன மாதிரியே உள்ளே ஒட்டியிருந்தது, டார்ச் இல்லாமல் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். புது செட்டில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. மேப் பற்றிக் கேட்டதில் டிபி கில்லரோடு ஓட்டினால் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

மாட்டி முடித்தாயிற்று, இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஏதாவது இருக்கிறதா?

துரு இளக்கி:

பைப் முழுவதையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். கையெண்ணெய் பட்ட இடம் முதல் சூட்டிலேயே கைரேகையாகப் பதிந்துவிடும், அப்புறம் லேசில் போகாது. பிரேக் கிளீனர் பயன்படுத்தினால் குளோரின் கலந்ததா என்று பாருங்கள், கலந்தது சூடான உலோகத்தில் பட்டால் நச்சு வாயு வரும். துடைத்தது முழுக்கக் காய்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் புகை வரும், அது மிச்சமிருக்கும் எண்ணெய். வண்டியைத் திறந்த வெளியில் வைத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு மணம் கூட இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

ஒற்றை சிலிண்டர்:

இரண்டு நாள் ஓட்டிவிட்டேன். குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்தால் முன்பக்கம் டிக் டிக் என்று கேட்கிறது, சூடானதும் குறைந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போது பைப்பில் பட் பட் என்று வெடிக்கிறது. வால்வு சத்தமா, மேப்பா?

நீளப்பாதை:

இரண்டும் ஒரே காரணம் என்று நினைக்கிறேன், ஹெட் ஜாயின்ட்டில் கசிவு. உலோகம் சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபடுகிறது, அதனால்தான் சத்தம் குறைகிறது. ஆக்சிலரேட்டரை விடும்போது அந்த வழியே வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வந்த பெட்ரோல் பைப்பிலேயே எரிகிறது. சென்சாருக்கு முன்னால் கசிந்தால் அது கலவை மெலிந்துவிட்டது என்று இசியுவிடம் தவறாகச் சொல்லவும் செய்யும். இன்ஜின் குளிர்ந்த பிறகு ஃப்ளேஞ்சைச் சுற்றிக் கருப்புக் கரித்தடம் இருக்கிறதா, இடைவெளி இரண்டு பக்கமும் சமமா என்று பாருங்கள்.

ஒற்றை சிலிண்டர்:

வலது பக்கம் கரித்தடம் இருந்தது, அந்தப் பக்க இடைவெளி கண்ணுக்கே தெரிகிற அளவு அதிகம். பிராக்கெட் போல்ட்டை முதலில் இறுக்கியது நான்தான், சைலன்சர் தொங்குகிறதே என்று. எல்லாவற்றையும் தளர்த்தி, சைலன்சருக்கு அடியில் கட்டை கொடுத்துத் தாங்கவைத்து, முன்னாலிருந்து மறுபடி இறுக்கினேன். இன்னொரு புது கேஸ்கட்டும் போட்டேன். டிக் சத்தம் சுத்தமாக இல்லை. நீளமான இறக்கத்தில் மட்டும் எப்போதாவது ஒரு பட் கேட்கிறது.

துரு இளக்கி:

அந்த அளவு சாதாரணம்தான். 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் ஆறிய நிலையில் எல்லா நட்டையும் ஒரு முறை டார்க் ரெஞ்ச்சால் சரிபார்த்துவிடுங்கள், புது கேஸ்கட் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்.