ஓதம் வழிவிட்ட பிறகு: இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் நாங்கள் கண்டவை

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஸ்டோன்ஹெஞ்ச், பாத், வின்ட்சர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டி இலண்டனுக்குத் திரும்பும் பேருந்துச் சுற்றுலாவில் என் பெற்றோரை அழைத்துச் சென்றேன். ஒவ்வோர் ஊரிலும் இறங்கும்போதே திரும்பி ஏற வேண்டிய நேரத்தைத்தான் முதலில் அறிவித்தார்கள். பாத் நகரின் உரோமானியர் குளியல் மண்டபத்தை என் தந்தை வாசலோடு பார்த்துத் திரும்பினார். இனி எங்கே சென்றாலும் ஓரிரவாவது தங்கிப் பார்ப்பது என்று அன்றே உறுதி செய்துகொண்டேன். அந்த உறுதிக்கு முழுப் பயன் கிடைத்தது சென்ற செப்டம்பரில், நார்தம்பர்லாந்துக் கரையை ஒட்டிய லிண்டிஸ்ஃபார்ன் தீவில். இதே கரையில் உங்களுக்கு வாய்த்த அனுபவங்களையும் அறிய விரும்புகிறேன் என்பதால் என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

கரையிலிருந்து தீவுக்குச் செல்லும் சாலையை, ஓதம் (கடல் நீர் ஏற்றம்) வரும்போது, நாளுக்கு இருமுறை கடல் மூடிவிடுகிறது. எந்த நேரத்துக்குள் கடக்கலாம் என்ற அட்டவணையை மாவட்ட நிர்வாகம் வெளியிடுகிறது. அதை மதிக்காமல் வண்டியை இறக்கிச் சிக்கிக்கொள்வோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அப்படிச் சிக்குவோர் ஏறி நின்று உயிர் காத்துக்கொள்ள, சாலையோரத்தில் உயரமான கால்களின்மேல் ஒரு சிறு குடில் கட்டி வைத்திருக்கிறார்கள். கி.பி. 635இல் ஸ்காட்லாந்தின் அயோனாத் தீவிலிருந்து வந்த துறவி எய்டன் இங்கே மடம் அமைத்ததும், 793 ஜூன் 8 அன்று வைக்கிங் கடற்கொள்ளையர் அதைச் சூறையாடியதும் வரலாற்றில் படித்தவைதாம். ஆயினும், மாலையில் கடைசி வண்டியும் கிளம்பிச் சென்று, நாங்கள் வந்த சாலையைத் தண்ணீர் மெல்ல விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், கப்பல்கள் கண்ணில் பட்ட அந்த நாளில் துறவிகளுக்கு ஓட வழியே இல்லாமல் போயிருக்கக்கூடும் என்பது உறைத்தது. மணல் திட்டுகளில் கிடந்த கடல்நாய்களின் குரல் காற்றில் வந்துகொண்டிருந்தது. தாலாட்டா, ஒப்பாரியா என்று பிரித்தறிய முடியாத ஒலி அது.

கரையில் உலவிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், கூழாங்கற்களைத் துழாவி, நடுவில் துளையுள்ள மிளகளவுக் கல் ஒன்றை என் மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். கடல் அல்லி என்னும் பழங்காலக் கடலுயிரின் தண்டு கல்லாகி உடைந்த துண்டு அது. இந்தத் தீவின் புனிதரான கத்பர்ட்டின் பெயரால் அவற்றைக் 'கத்பர்ட் மணிகள்' என்று அழைக்கிறார்கள், செபமாலையாகக் கோத்திருக்கிறார்கள். மருத்துவரிடம் போவது, விருந்துக்கு அழைப்பது, மகள் ஊருக்கு வருவது என எல்லாவற்றையும் ஓத அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்வதாக அவர் சொன்னார். எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் தொங்கிய இடத்தில் அவர் வீட்டில் அந்த அட்டவணை தொங்குகிறது.

* * *

தங்கள் பதிவைப் படித்ததும், பல நாள் எழுத நினைத்துத் தள்ளிப்போட்டதை எழுதத் துணிந்தேன். நான் திருகோணமலையில் பிறந்தவன். எங்களுக்குள் திருமலை என்றே சொல்வோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லெஸ்டரில் வாழ்கிறேன். லிண்டிஸ்ஃபார்னிலிருந்து தெற்கே வந்தால் ஹார்ட்லிபூல் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் தவிர்த்துச் செல்லும் ஊர். அங்கே தண்ணீரில் மிதக்கும் ஒரு போர்க்கப்பலுக்கு என் ஊரின் பெயர்: எச்.எம்.எஸ். டிரிங்கோமலி.

நெப்போலியனுடன் நடந்த போர்களால் பிரிட்டனில் ஓக் மரம் அரிதாகிவிட்டதால், இந்தக் கப்பலை இந்தியத் தேக்கில், பம்பாயில் கட்டுவித்தார்கள். அதற்கான வரைபடங்களைச் சுமந்து வந்த ஜாவா என்ற கப்பல் 1812இல் அமெரிக்கரிடம் தோற்று அழிந்ததால், வரைபடங்களை மீண்டும் அனுப்ப வேண்டியதாயிற்று. பார்சி இனத்தவரான ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா, தம் மரபுப்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி ஒன்றை அறைந்து வேலையைத் தொடங்கி வைத்தார். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது. பின்னாளில் பெயரும் மாறி, இளைஞர்களுக்கான பயிற்சிக் கப்பலாகப் பல பத்தாண்டுகள் போர்ட்ஸ்மவுத்தில் கிடந்த அதை, 1987இல் ஹார்ட்லிபூலுக்குக் கொண்டு வந்து, பத்தாண்டுகளுக்கும் மேலாகச் செப்பனிட்டு, பழைய பெயரையும் திரும்பச் சூட்டினார்கள். ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் இதைவிட மூத்தது என்றாலும் அது உலர்துறையில் நிற்பதால், மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுவே மிகப் பழையது.

என் மகள் லெஸ்டரில் பிறந்தவள். திருமலையை இன்னும் பார்த்ததில்லை. நுழைவாயிலில் எழுதியிருந்த பெயரை அவள் ஒவ்வோர் எழுத்தாக வாசித்துவிட்டு, "இது நம்முடைய ஊரா, அப்பா?" என்று கேட்டாள். 1782இல் எங்கள் ஊருக்கு அருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய கடற்போரின் நினைவாக வைத்த பெயர் அது. அந்தப் போரில் எவருக்கும் தெளிவான வெற்றி கிட்டவில்லை. இரண்டு பேரரசுகள் எங்கள் துறைமுகத்துக்காகச் சண்டையிட்டன, ஊராரை எவரும் கேட்கவில்லை என்பதை மகளிடம் நான் மறைக்கவில்லை. அதைச் சொல்லும்போதே, அந்தத் தேக்குத் தளத்தில் கால் வைத்த மகிழ்ச்சியும் எனக்குள் இருந்தது. இரண்டும் உண்மை.

கீழ்த்தளத்தில் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. குனிந்தபடியே பீரங்கிகளுக்கும் மாலுமிகளின் தொங்குபடுக்கைகளுக்கும் இடையே நகர்ந்தோம். அங்கே நின்றிருந்த வழிகாட்டி, ஓய்வு பெற்ற பின் தொண்டு செய்ய வந்த முதியவர், நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். லெஸ்டர் என்றேன். மகள் குறுக்கிட்டு, "இந்தக் கப்பலின் ஊரிலிருந்து" என்றாள். அவர் தொப்பியைக் கழற்றினார். பல ஆண்டுகளாக அந்தப் பெயரை நாள்தோறும் சொல்லி வந்தும், அந்த ஊர்க்காரர் வாயால் கேட்டதில்லை என்றார். திரு, கோணம், மலை என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தேன். கோணேசர் கோயில் நிற்கும் குன்றையும், அதன் காலடியில் கடல் மோதுவதையும் விவரித்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து நான் சொன்னதை எழுதிக்கொண்டு, பின்னால் வந்த குழுவிடம் திருத்திய உச்சரிப்பில் அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தார். ழகரம் இல்லாத பெயர் என்பதால் ஓரளவுக்கு வந்தது.

நேரமிருந்தால், பழைய ஊர் இருக்கும் ஹெட்லாண்ட் முனைக்கும் செல்லுங்கள். முதல் உலகப் போரில், 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மானியக் கப்பல்கள் இந்த ஊரைத் தாக்கியபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதிலுக்குச் சுட்ட பீரங்கி மேடை அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது.

* * *

திருமலை ஐயாவின் பதிவை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தொப்பியைக் கழற்றிய இடத்தில் மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். ஐயா கடைசியாகக் குறிப்பிட்ட அந்த டிசம்பர் நாளிலிருந்தே நான் தொடர்கிறேன். அதே காலையில், ஹார்ட்லிபூலுக்குத் தெற்கே இதே கரையில் உள்ள விட்பி நகரமும் குண்டுவீச்சுக்கு ஆளாயிற்று. அங்குள்ள மடாலய இடிபாட்டின் மேற்கு முகப்பு சிதைந்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான், செப்டம்பர் 22 அன்று, சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளை எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் எரித்தது. உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கும் எம்டன் நினைவுக் கல்லைப் பார்த்து வளர்ந்த எனக்கு, விட்பியின் உடைந்த கற்கள் அயலாகத் தோன்றவில்லை.

ஹார்ட்லிபூலில் மடத்தலைவியாக இருந்த ஹில்டு என்ற அரச குலப் பெண்தான் 657இல் விட்பி மடத்தையும் நிறுவியவர். ஈஸ்டர் திருநாளை எந்தக் கணக்கின்படி கொண்டாடுவது என்ற பெரும் வழக்கு 664இல் இவருடைய மடத்தில்தான் தீர்ந்தது. இன்று நாம் காணும் உயர்ந்த வளைவுகள் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. அங்கே ஏற 199 படிகள். எழுபத்தொரு வயதான அம்மாவைக் கீழேயே உட்கார வைக்க நினைத்தேன். "உச்சிப்பிள்ளையார் கோயில் ஏறிய காலடி இது" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னே ஏறினார்.

இடையிடையே அகன்ற தளங்களும் இருக்கைகளும் இருந்தன. ஒன்றில் அம்மா அமர்ந்ததும், அருகிலிருந்த உள்ளூர் மூதாட்டி எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். மேலே உள்ள புனித மரியாள் ஆலயத்துக்குச் சவப்பெட்டி சுமந்து சென்றவர்கள் இறக்கி வைத்து இளைப்பாறிய இடங்கள் இவை என்றார். மொழிபெயர்க்கத் தயங்கினேன், பிறகு சொன்னேன். அம்மா எழுந்துவிடவில்லை. "எங்கள் ஊர்ச் சாலைகளிலும் சுமைதாங்கிக் கல் உண்டு என்று சொல்லு" என்றார். சொன்னதும் மூதாட்டி அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டார். மேலே போகும்வரை விடவில்லை.

உணவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார்க்‌ஷயரில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கப்படுகின்றன. அதைத் தவிர்ப்பவர்கள், வாங்கும் முன்பே தாவர எண்ணெயா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் இல்லாதவர்கள் ஹார்ட்லிபூலிலிருந்து மிடில்ஸ்பரோ வந்து, அங்கிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியாகச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் விட்பியை அடையலாம். நாளுக்குச் சில தொடர்வண்டிகளே ஓடுகின்றன என்பதால் திரும்பும் நேரத்தைப் பார்த்து வையுங்கள். அல்லது எங்களைப் போலத் தங்கிவிடுங்கள். அன்று மாலை ஓதம் ஏறியதும் ஆற்றின் குறுக்கே இருந்த சுழல் பாலம் இரண்டாகப் பிரிந்து விலகியது. இரு கரையிலும் மக்கள் நின்றுவிட்டார்கள். மீன்பிடிப் படகு ஒன்று நடுவே நுழைந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்தவர் கையசைக்க, அம்மாவும் அசைத்தார்.